காட்டன் துரை

ஆறு நிறைந்து ஓடவும் அருகிலுள்ள வயல் வறண்டு கிடப்பதைக் காட்டிலும் உழவனுக்குக் கொடிய துயரம் வேறில்லை. அத்துயரைத் துடைப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் சர் ஆர்தர் காட்டன்.

இவர் 1803ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையார் ஹென்றி காட்டனுக்கு ஆண்மக்கள் பதினொருவர். அவருள் ஆர்தர் பத்தாமவர். உடன்பிறந்தாருள் சிட்னி படைத்தலைவராயினார். ரிச்சர்டு கல்லூரித் தலைவராயினார். பிரெடெரிக் ஆர்தரைப் போலவே சென்னை மாகாணத்தில் பொறியாளராயினார்.

ஆர்தர் 1821ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பலில் வருவோர் மசூலாப் படகேறி, அலையோடு போராடியே கரை சேர்ந்தனர். இளம் பொறியாளர் முதலிற் பாம்பன் கடல்வழியை அளந்தாய்ந்தார். பின்னர்க் காவிரிக் கரையை அடைந்தார்.

அக்காலத்தில் தஞ்சை வளநாடு பெருங்கேட்டை எதிர்நோக்கி நின்றது. முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடம் தாழ்ந்த படுகையை உடையது. ஆகவே வெள்ளம் அதன் வழியே விரைந்தோடிக் கடலிற் கலந்தது. காவிரியிலோ மணல் மேடிட்டு, ஆண்டுதோறும் நீர் குறைந்தது.

காட்டன் தம் கல்வியை மட்டும் நம்பி வேலையைத் தொடங்கினாரல்லர். கரிகாற் பெருவளத்தான் கட்டியதாக வழங்கும் கல்லணையை உற்றுநோக்கினார். பாறையே காணாத ஆற்றுமணலில் அவ்வணை எவ்வாறு நிற்கிறது? பெருங்கற்களை மணலில் இட, அவை அமிழும். அவற்றின்மேல் மீண்டும் கற்களை இட, அவையும் அமிழும். இறுதியில் அசையாத அடித்தளம் ஒன்று அமையும். ஏட்டிற் காணாத இவ்வுண்மையைப் பழந்தமிழர் கைத்திறனிடம் அவர் மாணவராயிருந்து கற்றார். 1836ஆம் ஆண்டு கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. தஞ்சை பிழைத்தது.

சென்னைச் சாலைகளுக்கு வேண்டிய கற்களைக் கொணரச் செங்குன்றத்திலிருந்து 1837ஆம் ஆண்டு இருப்புப் பாதை அமைத்தவரும் இவரே. இராயபுரம் இரயில் நிலையம் 1856ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது.

ஓயாத உழைப்பால் இவர் உடல் நலிந்தது. ஓய்வுக்காகத் தாஸ்மேனியா சென்றவர், 1841ஆம் ஆண்டு எலிசபெத் லியர்மந்து அம்மையை மணந்தார். அங்குப் பிறந்த மகள் எலிசபெத் பிற்காலத்தில் தந்தையாரின் வரலாற்றை நூலாக்கினார்.

திரும்பி வந்த காட்டன், 1833ஆம் ஆண்டுப் பஞ்சத்தால் நைந்திருந்த கோதாவரிச் சமவெளியைக் கண்டார். அங்கும் ஆறு நிறைந்திருந்தது. மக்களோ பசியால் மடிந்திருந்தனர். கல்லணை தந்த பாடம் கைகொடுத்தது. 1847ஆம் ஆண்டு தவளேசுவரத்தில் தொடங்கிய அணை 1852ஆம் ஆண்டு நிறைவெய்தியது. கால்வாய்கள் பாசனத்தோடு படகுப் போக்குவரத்துக்கும் உதவின. பிற்காலத்தில் அவை பக்கிங்காம் கால்வாயோடு இணைந்தன. எண்ணூர் வழியே சென்னைக்குச் சரக்குப் படகுகள் வந்தன.

1861ஆம் ஆண்டு இவர் சர் பட்டம் பெற்றார். தாமே இருப்புப் பாதை அமைத்தவராயினும், வறண்ட நாட்டுக்கு முதலில் வேண்டுவது நீரே என்று இங்கிலாந்தில் வாதிட்டார். செலவு மிகும் என்று பலர் மறுத்தனர். 1878ஆம் ஆண்டு, எழுபத்தைந்தாம் அகவையில், பாராளுமன்றக் குழுவின் முன் நின்று தம் கொள்கையை நிலைநாட்ட முயன்றார். முதுமையிலும் தோட்டத்தில் ஆழ உழுது கோதுமை விளைத்து ஆராய்ந்தார். 1899ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24ஆம் நாள் மறைந்தார்.

தவளேசுவரத்தில் பழைய அணைக்கு மாற்றாக எழுந்த புதிய அணை இவர் பெயரைத் தாங்குகிறது. மேலணையின் ஒன்பது மதகுகள் 2018ஆம் ஆண்டு வெள்ளத்தில் சரிந்தன. அங்குப் புதிய கதவணை எழுந்துள்ளது. கீழணையில் தேங்கும் நீர் வீராணம் ஏரியை நிரப்புகிறது. அங்கிருந்து 2004ஆம் ஆண்டு முதல் சென்னைக்குக் குடிநீர் வருகிறது. கல்லும் சுண்ணாம்பும் காலத்தால் தேயும். ஆயினும், ஒரு நாட்டுக்குத் தொண்டு செய்ய விழைவோர் முதலில் அந்நாட்டினரிடம் கற்க வேண்டும் என்னும் உண்மை தேய்வதில்லை. காட்டன் துரையின் வாழ்வு அதற்குச் சான்று.