மதுரை மணி ஐயர்

மதுரை மணி ஐயர் (அக்டோபர் 25, 1912 - ஜூன் 8, 1968) தென்னிந்தியாவின் புகழ்பெற்ற கருநாடக இசைப் பாடகர்களுள் ஒருவர் ஆவார். சுருதி சுத்தத்துக்கும் கற்பனைச் சுரம் பாடும் திறனுக்கும் பெயர் பெற்றவர். இவரது இயற்பெயர் சுப்பிரமணியன். ஆயினும் இசையுலகில் அப்பெயர் வழங்கவில்லை.

பெயர்

மேலை நாட்டு இசையமைப்பாளர்கள் குடும்பப் பெயராலேயே அறியப்படுகின்றனர். தெபுசி, ராவெல் என்றால் போதும், முதற்பெயர் தேவையில்லை. தமிழர் வழக்கில் அத்தகைய குடும்பப் பெயர் பொதுவாக இல்லை. ஆகவே கருநாடக இசைக் கலைஞர்களுக்கு ஊர்ப்பெயரே முன்னொட்டாக நின்று அவ்வேலையைச் செய்தது.

சுப்பிரமணியன் என்னும் பெயருடையோரை வீட்டில் மணி என்று அழைப்பது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். வடமொழிச் சொல்லான சுப்ரஹ்மண்ய என்பதில் மணி என்ற சொல் இல்லை. ஒலியொப்புமையால் தமிழில் உண்டான சுருக்கமே இது. இரத்தினம் என்றும் ஒலிக்கும் மணி என்றும் பொருள்படுவதால் பாடகர் ஒருவருக்கு இது தற்செயலாகவே பொருத்தமாக அமைந்துவிட்டது.

மணி என்ற பெயர் மட்டும் இவரைச் சுட்டப் போதுமானதாக இல்லை. இவர் பிறந்த அதே 1912 ஆம் ஆண்டில் பிறந்த மிருதங்க மேதை ஒருவரும் மணி ஐயர் என்றே அறியப்பட்டார். அவரது இயற்பெயரோ இராமசாமி. மதுரை, பாலக்காடு என்னும் ஊர்ப்பெயர்கள் இல்லையெனில் யார் பாடினார், யார் வாசித்தார் என்பதே குழப்பமாகிவிடும். மணி ஐயர் பிற்காலத்தில் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தபோதும் மதுரை என்னும் அடைமொழி அவரைவிட்டு நீங்கவில்லை. கானகலாதரர் என்ற பட்டமும் அவர் பெயரோடு சேர்த்து வழங்கப்பட்டது.

குடும்பமும் இசைப் பயிற்சியும்

இவர் மதுரையில் எம். எஸ். இராமசாமி ஐயர், சுப்புலட்சுமி ஆகியோருக்குப் பிறந்தார். தந்தையார் நீதிமன்ற எழுத்தராகப் பணியாற்றியவர். இசை நுட்பம் அறிந்தவர். தந்தையின் உடன்பிறந்தவரே பாடகர் மதுரை புஷ்பவனம் ஐயர். மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக் கரையிலுள்ள திருப்பூவணத்து இறைவனின் வடமொழிப் பெயர் புஷ்பவனேசுவரர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. பெரும்புகழ் எய்தியிருந்த புஷ்பவனம் இளம் வயதிலேயே மறைந்தார். குடும்பத்தின் இசைப் பெயரைக் காக்கும் பொறுப்பு அடுத்த தலைமுறையின்மீது விழுந்தது.

மணி தம் ஒன்பதாம் வயதில் எட்டயபுரம் இராமச்சந்திர பாகவதரின் மாணவரான இராஜம் பாகவதரிடம் பயிலத் தொடங்கினார். பின்னர் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மதுரையில் நடத்திய தியாகராஜ சங்கீத வித்யாலயத்தில் சேர்ந்து கற்றார். இவரது முதல் கச்சேரி 1924 இல் அலவாக்கோட்டையில் நிகழ்ந்தது. அப்போது இவருக்கு வயது 12 கூட நிரம்பியிருக்கவில்லை எனலாம்.

இசைப் பாணி

மணி ஐயருக்குக் கண்பார்வை மிகவும் குறைவு. அது அவரது இசைக்குத் தடையாகவில்லை. கணக்கு வழக்குகளால் கேட்போரை மிரட்டாமல், தாளத்தின் இயல்பான நடையிலேயே சுரங்களைக் கோக்கும் சர்வலகு முறையை அவர் கையாண்டார். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறை பாடுவதற்கு எளிதன்று. இலக்கணம் அறியாதவர்களும் அவர் கச்சேரிகளில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம் ஆகும்.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் எப்ப வருவாரோ, பாபநாசம் சிவனின் கா வா வா ஆகிய தமிழ்ப் பாடல்கள் இவரால் பெரிதும் பரவின. முத்தையா பாகவதர் மேனாட்டு மெட்டில் சங்கராபரணத்தில் அமைத்த இங்கிலீஷ் நோட்டு இவர் கச்சேரிகளில் இரசிகர்கள் விரும்பிக் கேட்ட உருப்படியாகும்.

விருதுகள்

சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதை 1959 இலும், சங்கீத நாடக அகாதமி விருதை 1960 இலும், தமிழ் இசைச் சங்கத்தின் இசைப்பேரறிஞர் பட்டத்தை 1962 இலும் பெற்றார்.

மாணவர் பரம்பரை

உறவினரும் மாணவருமான திருவாலங்காடு வேம்பு ஐயர் இவருடன் சேர்ந்து பாடி வந்தார். வேம்பு ஐயரின் மகன் டி. வி. சங்கரநாராயணன் (1945 - 2022) மணி ஐயர் பாணியின் முதன்மை வாரிசாக விளங்கினார். அவருடைய முதலெழுத்துகள் திருவாலங்காடு என்னும் ஊரையும் வேம்பு என்னும் தந்தை பெயரையும் குறிப்பன. மதுரையில் பிறந்த மற்றொரு பாடகரான எம். எஸ். சுப்புலட்சுமியின் முதலெழுத்துகளோ ஊரையும் தாயார் சண்முகவடிவையும் குறிக்கின்றன.