அருளாளர் பிரெடரிக் ஓசானாம்

ஏழைகளின் வீடு தேடிச் சென்று உதவும் வின்சென்ட் தே பவுல் சபையைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அதைத் தோற்றுவித்தவர் ஒரு குருவானவர் என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவரோ மனைவியும் மகளும் உடைய இல்லறத்தார்; இத்தாலிய இலக்கியத்தில் கரைகண்ட பேராசிரியர்!

பிரெடரிக் ஓசானாம் 1813-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் இத்தாலியின் மிலான் நகரில் பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்தார். உடன்பிறந்தோருள் பெரும்பாலோர் இளமையிலேயே இறந்தனர். தந்தை மருத்துவர். அவர் 1837-இல் ஏழை நோயாளிகளைக் காணச் சென்ற இடத்தில் படிக்கட்டில் தவறி விழுந்து உயிர்நீத்தார்.

பிரான்சின் லியோன் நகரில் பள்ளியில் பயின்றபோது ஓசானாமின் உள்ளத்தில் விசுவாசத்தைப் பற்றிய ஐயங்கள் எழுந்து வாட்டின. நுவாரோ என்னும் ஆசிரியக் குருவானவர் அவரை உடன் அழைத்து நடந்து, பேசிப் பேசியே தெளிவித்தார். ஐயப்பட்டதற்காக அவரைக் கடிந்துகொள்ளாத அந்த ஆசிரியரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

1831-இல் சட்டம் பயிலப் பாரிஸ் சென்ற ஓசானாம் விஞ்ஞானி ஆம்பியரின் இல்லத்தில் தங்கினார். ஆம், நம் இயற்பியல் பாடத்தில் வரும் அதே ஆம்பியர்தான்! அந்நாளில் மாணவர் மன்றங்களில் சமய விவாதம் சூடாக நடக்கும். முற்காலத்தில் திருச்சபை ஆற்றிய நற்பணிகளை ஓசானாமும் நண்பர்களும் எடுத்துரைக்க, இன்று நீங்கள் செய்வது என்ன என்று எதிர்த்தரப்பார் கேட்டனர். அதற்கு அவர்களிடம் விடை இல்லை. வாய்ப்பேச்சால் பயனில்லை என்று உணர்ந்து, 1833-ஆம் ஆண்டு தம் இருபதாம் பிறந்தநாளன்று சில தோழர்களுடன் சபையைத் தொடங்கினார். ஏழைகளை எவ்வாறு அணுகுவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரோசலி என்னும் கன்னியர்.

அதே ஆண்டு வத்திக்கானில் ரபேல் தீட்டிய சித்திரம் ஒன்றைக் கண்டார். புனிதர்களுக்கும் மறைவல்லுநர்களுக்கும் நடுவே கவிஞர் தாந்தே! ஒரு கவிஞருக்கு அங்கே என்ன வேலை? இக்கேள்வி அவரை விடவில்லை. தாந்தேயின் தத்துவத்தை ஆராய்ந்து 1839-இல் இலக்கியத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு பேராசிரியர் தேர்வில் முதலிடம் பெற்றுச் சொர்போன் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு இலக்கியம் கற்பித்தார். இத்தாலிய நூலகங்களில் பழஞ்சுவடிகளைத் தேடி அலைந்தார். புனித பிரான்சிஸ் வழிவந்த கவிஞர்களைப் பற்றி 1852-இல் நூல் வெளியிட்டார்.

1848 ஜூனில் பாரிஸ் தெருக்களில் தொழிலாளருக்கும் படையினருக்கும் போர் மூண்டது. ஓசானாமும் இரு நண்பர்களும் பேராயர் ஆஃப்ரிடம் சென்று, சமாதானம் செய்துவைக்குமாறு வேண்டினர். பேராயர் இசைந்து போனார். குண்டடிபட்டு இறந்தார். போகச் சொன்னவரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அமேலி அம்மையாரை அவர் மணந்தது 1841 ஜூன் 23. அதன் நினைவாக ஒவ்வொரு மாதமும் 23-ஆம் நாள் மனைவிக்கு மலர் அளிப்பாராம். உடல் நலிந்து படுத்திருந்தபோதும், மாணவர்கள் காத்திருப்பதாக அறிந்து எழுந்து சென்று பாடம் நடத்தினார். 1853 செப்டம்பர் 8, தேவமாதாவின் பிறந்தநாள் திருநாளன்று, மார்செய் நகரில் இறைவனடி சேர்ந்தார். வயது 40. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1997-இல் பாரிஸ் நகரில் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார்.

அமேலி அம்மையார் கணவருக்குப் பின் நாற்பதாண்டுகள் வாழ்ந்து, அவருடைய கடிதங்களைப் பேணிக் காத்தார். தாந்தேயின் உத்தரிக்கும் ஸ்தலக் காண்டத்தைப் பற்றி ஓசானாம் வகுப்பில் நடத்திய பாடங்கள் அவர் மறைந்த பின்னரே நூலாக வெளிவந்தன.