கண்ணுக்குத் தெரியாததைக் காட்டியவர்

எர்ன்ஸ்ட் ருஸ்கா 1906ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தார். 1931இல் மாக்ஸ் நோல் என்பவருடன் இணைந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கினார்.

அக்கருவிக்குள் காற்று இருக்கக்கூடாது. அங்கே வைக்கப்படும் உயிரணு நீரிழந்து காய்ந்துவிடும். எலக்ட்ரான் கற்றையும் அதைச் சிதைத்துவிடும். ஆகவே, உயிரியலுக்கு இக்கருவி பயன்படாது என்று பலர் கருதினர். மருத்துவரான தம்பி ஹெல்முட் மனம் தளரவில்லை. உயிருடன் பார்க்க முடியாதவற்றை உலர்த்திப் பார்த்தார். அதுவரை எவரும் கண்டிராத வைரஸ்களைப் படமெடுத்தார்.

1973இல் ஹெல்முட் காலமானார். 1986இல், 79 வயதில், ருஸ்காவுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அந்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளத் தம்பி இல்லை. இரண்டு ஆண்டுகளில் ருஸ்காவும் மறைந்தார்.

2003இல் சிங்கப்பூரில் சார்ஸ் நோய் பரவியபோது, நம் ஆய்வாளர்கள் அதன் கிருமியை எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகவே கண்டனர். அண்ணன், தம்பி இருவரின் உழைப்பு இன்றும் பயன் தருகிறது.