தோற்ற ஆட்டத்தை அச்சில் ஏற்றிய மேதை

கோவைக்குப் பக்கத்தில் உள்ள போத்தனூர் ஜங்ஷனை ரயிலில் ஊர் போய் வரும் தமிழர்கள் பலரும் அறிவார்கள். கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தின் தந்தை என்று உலகம் போற்றும் ஆலன் டூரிங்கின் தாயார் பிறந்த ஊர் அது என்பது பலருக்குத் தெரியாது.

தாயார் எதெல் சாரா 1881-ல் போத்தனூரில் பிறந்தார். அவருடைய தகப்பனார் எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மதராஸ் ரயில்வேயில் தலைமை எஞ்சினீயராக விளங்கியவர். எதெலை மணந்த ஜூலியஸ் டூரிங் ஐ.சி.எஸ். அதிகாரி, சென்னை மாகாணத்தின் பல ஜில்லாக்களில் உத்தியோகம் பார்த்தவர். மூத்த மகன் ஜான் 1908-ல் குன்னூரில் பிறந்தார். இளையவர் ஆலன் பிறந்தது லண்டனில், 1912 ஜூன் 23-ந் தேதி. தாய் தகப்பனார் மீண்டும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது, பிள்ளைகள் இருவரும் ஓய்வு பெற்ற ஒரு ராணுவ அதிகாரியின் குடும்பத்தில் விடப்பட்டனர். பெற்றோர் ஒரு கரையிலும் தாம் ஒரு கரையிலுமாகவே ஆலன் வளர்ந்தார்.

1926-ல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய முதல் நாள், இங்கிலாந்து முழுவதும் பொது வேலை நிறுத்தம். ரயில் ஓடவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் சவுதாம்ப்டனில் இருந்து சுமார் 60 மைல் தூரம் சைக்கிள் மிதித்தே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். வழியில் ஒரு இரவு ஓட்டலில் தங்கினான். எடுத்த காரியத்தை விடாத இந்தக் குணம் கடைசி வரை அவரிடம் இருந்தது.

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, 1935-ல் கிங்ஸ் கல்லூரியில் ஆய்வாளர் பதவி பெற்றார். மறு ஆண்டு அவர் எழுதிய கட்டுரைதான் இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அடிப்படை. விதிகளை ஒவ்வொன்றாகப் பின்பற்றிக் கணக்குப் போடும் ஒரு கற்பனை இயந்திரத்தை அதில் அவர் வர்ணித்தார்.

யுத்த காலச் சதுரங்கம்

இரண்டாவது உலக யுத்தம் மூண்டதும் டூரிங் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்துக்குப் போனார். ஜெர்மன் படைகளின் எனிக்மா ரகசியச் செய்திகளை உடைப்பதே அங்கே வேலை. அந்த வேலைக்குக் கணித நிபுணர்களோடு, நாட்டின் சிறந்த சதுரங்க ஆட்டக்காரர்களையும் அரசு சேர்த்திருந்தது. ஹியூ அலெக்சாண்டர், மில்னர்-பாரி, ஹாரி கொலம்பெக் ஆகியோர் அவர்களில் சிலர்.

இந்தச் சபையில் டூரிங் சதுரங்கத்தில் ஏப்பை சாப்பைதான். கொலம்பெக் தமது ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடினாலும் டூரிங் தோற்பார் என்று சொல்வதுண்டு. தமக்குச் சரிசமமான ஆளாக இளைஞர் டொனால்ட் மிச்சியைக் கண்டுபிடித்தார். ரயில்வே பட்டறைகள் நிறைந்த வோல்வர்ட்டன் என்ற பக்கத்து ஊருக்குப் போய் இருவரும் ஆடுவார்கள். ஒரு இயந்திரத்துக்குச் சதுரங்கம் கற்றுக் கொடுக்க முடியுமா, அது தன் தவறில் இருந்து பாடம் படிக்குமா என்பதே அங்கே பேச்சு.

காகித இயந்திரம்

யுத்தம் முடிந்தது. 1948-ல் டூரிங், தமது நண்பரும் பொருளாதார நிபுணருமான டேவிட் சாம்பர்நவுனுடன் சேர்ந்து சதுரங்கம் ஆடும் புரோகிராம் ஒன்றை வகுத்தார். இருவர் பெயரையும் இணைத்து அதற்கு 'டூரோசாம்ப்' என்று பெயர். அதை ஓட்டக்கூடிய கம்ப்யூட்டர் அப்போது கிடையாது. விதிகளைக் காகிதத்தில் எழுதி, பென்சிலால் கணக்குப் போட்டே ஒவ்வொரு காயையும் நகர்த்த வேண்டும். ஒரு நகர்த்தலுக்குச் சுமார் அரை மணி நேரம் பிடித்தது.

விதிகள் எளிமையானவை. சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, பிஷப்புக்கு மூன்றரை, யானைக்கு 5, ராணிக்கு 10 என்று மதிப்பெண். தன் நகர்த்தல்கள் அத்தனையையும், அவற்றுக்கு எதிரி தரக்கூடிய பதில்கள் அத்தனையையும் பார்க்க வேண்டும். அதன் பிறகு வெட்டுக் குத்து மட்டும் அடங்கும் வரை தொடர்ந்து கணக்கிட வேண்டும். பாதி வெட்டில் எண்ணிக்கையை நிறுத்தினால் லாபம் நஷ்டமாகத் தெரியும், நஷ்டம் லாபமாகத் தெரியும் என்பதை டூரிங் அன்றே உணர்ந்திருந்தார். இந்த யோசனை இன்றைய சதுரங்கப் புரோகிராம்களிலும் உயிரோடு இருக்கிறது. காய்க் கணக்கு சமமாக நின்றால், காய்கள் நகர எத்தனை இடம் உண்டு, ராஜா பத்திரமாக இருக்கிறாரா, சிப்பாய் எவ்வளவு முன்னேறியது என்பவற்றுக்குச் சில்லறை மதிப்பெண்கள் உண்டு.

பலம் எவ்வளவு?

செய்து முடித்ததும் அதன் பலத்தை அளக்க வேண்டுமே! முதலில் சாம்பர்நவுனின் மனைவி ஆடினார். அவர் அப்போதுதான் ஆட்டம் பழகியவர். புரோகிராம் வென்றது. 1952-ல் மான்செஸ்டரில் அலிக் கிளென்னி என்ற சக விஞ்ஞானி ஆடினார். அவர் சுமாராக ஆடக்கூடியவர். புரோகிராம் 29-வது நகர்த்தலில் தோற்றது. கற்றுக்குட்டிக்கு மேல், சுமாரான ஆட்டக்காரருக்குக் கீழ் என்று அதன் இடம் தெரிந்தது.

ஆனால் எங்கே தோற்றது என்பதில்தான் பாடம் இருக்கிறது. ஏழாவது, எட்டாவது நகர்த்தல்களில் புரோகிராம் இரண்டு ஓரத்துச் சிப்பாய்களையும் காரணமில்லாமல் முன்னே தள்ளியது. நோக்கம் என்று எதுவும் அதற்குக் கிடையாது. மதிப்பெண் கூடினால் போதும். 22-வது நகர்த்தலில் ராஜாவைத் தானே வெளியே நடத்தி, நடு வரிசை ஒன்றில் நிறுத்தியது. கடைசி நகர்த்தலில் அதே வரிசையில் இருந்த ஒரு சிப்பாயை ராணியால் வெட்டியது. ஒரு மதிப்பெண் லாபம்! கிளென்னி யானையை அந்த வரிசைக்குக் கொண்டு வந்தார். பின்னால் ராஜா நிற்பதால் ராணி விலக முடியாது; ராணி போயிற்று. எதிரியின் பதிலோடு கணக்கு முடிந்துவிட்டதால், அடுத்த அடியில் இருந்த பள்ளம் புரோகிராமின் கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்தத் தோல்வியை டூரிங் மறைக்கவில்லை. 1953-ல் வெளியான ஒரு நூலில் விதிகளையும், ஆட்டம் முழுவதையும், எந்த நகர்த்தல் பொருத்தமற்றது என்ற தமது கண்டனத்தையும் சேர்த்தே அச்சிட்டார். இந்தப் புரோகிராமின் பலவீனம் தமது ஆட்டத்தின் பலவீனமே என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். பிற்காலத்தவர் அந்தப் புரோகிராமைச் சீர்தூக்கிப் பார்க்க முடிந்ததற்கு இந்த நேர்மையே காரணம்.

பல ஆண்டுகள் கழித்து அந்த விதிகளை உண்மையான கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. அச்சில் இருந்த நகர்த்தல்கள் சிலவற்றை கம்ப்யூட்டர் ஆட மறுத்தது. அரை மணி நேரம் பென்சிலோடு மல்லாடிய மனிதர், விதியை எல்லா இடத்திலும் அட்சரம் பிசகாமல் பின்பற்றவில்லை போலும். ஒரு புரோகிராமை எடை போடும் முன், அது தன் விதிப்படிதான் ஆடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம். 2012-ல் டூரிங் நூற்றாண்டு விழாவில் முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவ் அதனுடன் ஆடி, 16 நகர்த்தல்களில் வென்றார்.

இன்று வீட்டில் உட்கார்ந்து பொழுதுபோக்காகச் சதுரங்கப் புரோகிராம் எழுதும் இளைஞர்கள் ஏராளம். ஓர் ஆட்டத்தில் வென்றது என்றோ தோற்றது என்றோ அவர்கள் முடிவு கட்டுவதில்லை. பலம் தெரிந்த வேறு புரோகிராம்களோடு, வெள்ளையும் கறுப்பும் மாற்றி மாற்றி, நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஆட விடுகிறார்கள். அந்த எண்ணிக்கை பலத்தைச் சொல்லும். குறையைத் தெரிந்துகொள்ள, டூரிங் செய்ததுபோல் தோற்ற ஆட்டத்தைத்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

துயர முடிவு

கிளென்னியிடம் புரோகிராம் தோற்ற அதே 1952-ல் டூரிங் நீதிமன்றத்தில் நின்றார். ஓர் ஆணுடன் உறவு கொண்டதாகக் குற்றச்சாட்டு. அன்றைய இங்கிலாந்தில் அது சட்டப்படி குற்றம். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சைக்கு உட்படும்படி ஆயிற்று. யுத்தத்தில் அவர் செய்த சேவையோ அரசாங்க ரகசியம். அவருக்காக அதை எடுத்துச் சொல்ல வழியில்லை. ஒரே ஒரு விதியை வைத்து ஒரு மனிதர் எடை போடப்பட்டார்.

1954 ஜூன் 7-ந் தேதி வில்ம்ஸ்லோவில் தமது வீட்டில் சயனைடு விஷத்தால் காலமானார். வயது 41. தற்கொலை என்று விசாரணை முடிவு கூறியது. ரசாயனப் பரிசோதனையில் நேர்ந்த விபத்தே என்று தாயார் கடைசி வரை நம்பினார்.

2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கோரினார். 2013-ல் அரச மன்னிப்பு வந்தது. 2021-ல் 50 பவுன் நோட்டில் அவர் படம் ஏறியது. இவை எதையும் காணத் தாயார் இல்லை. ஆனால் மகனைப் பற்றி நாடு வாய் திறக்காத 1959-லேயே, போத்தனூரில் பிறந்த அந்த அம்மையார் மகனின் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டுவிட்டார்.