கடல் கடந்த தமிழருக்காகத் தூது போன வாத்தியார்
வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் வாழ்க்கை

கொடைக்கானலுக்கு மோட்டார்ப் பாதை வருவதற்கு முன்பு வெள்ளைக்காரத் துரைமார் எப்படி மலை ஏறினார்கள் தெரியுமா? பெரியகுளம் பக்கத்து அடிவாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கொள்வார்கள். நம் ஊர் ஆட்கள் அந்த நாற்காலியைத் தோளில் தூக்கிக் கொண்டு பழனி மலையின் செங்குத்தான பாதையில் ஏறுவார்கள். குளிர்ந்த உச்சியில் துரையை இறக்கி விட்டு, கூலி வாங்கிக் கொண்டு அடிவாரத்துக்குத் திரும்புவார்கள்.

அதே காலத்தில் தமிழ்நாட்டு ஏழைகள் பலர் கப்பல் ஏறினார்கள். தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860-ம் ஆண்டில் சென்னையிலிருந்து முதல் கப்பல் போனது. 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். கரும்புத் தோட்டத்தில் வேலை. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்ட வேலையைப் பார்த்தவர்களுக்கு, அன்னிய மண்ணில் அந்த வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கேயே தங்கியவர்களுக்குத் தலைக்கு மூன்று பவுன் வரி. ஓட்டு இல்லை. விரும்பிய இடத்தில் வீடு வாங்க முடியாது. பிள்ளைகளுக்குப் போதிய பள்ளிக்கூடம் இல்லை.

இந்த மக்களுக்காக வாதாட, இந்தியாவின் முதல் பிரதிநிதியாகத் தென் ஆப்பிரிக்காவுக்குப் போனவர் ஒரு தமிழர். அவர்தான் வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரியார்.

ஏழை வீட்டுப் பிள்ளை

சாஸ்திரியார் 1869-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி வலங்கைமானில் பிறந்தார். காந்தியடிகளுக்குப் பத்து நாள் மூத்தவர். தகப்பனார் வைதிகர், வீட்டில் வறுமை. கும்பகோணத்தில் படித்து 1887-ல் பி.ஏ. தேறினார். மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியராக இருந்தார். பிறகு சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தவர்களில் அவரும் ஒருவர்.

நல்ல உத்தியோகம், நல்ல பெயர். அத்தனையையும் 1907-ல் விட்டு விட்டார். கோபாலகிருஷ்ண கோகலே ஏற்படுத்திய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். அதில் சேருகிறவர்கள் சொந்தமாகப் பணம் சேர்க்கக் கூடாது. நாட்டுக்கு உழைப்பது ஒன்றே வேலை. 1915-ல் கோகலே காலமானதும் சாஸ்திரியாரே சங்கத்தின் தலைவரானார்.

அவருடைய ஆங்கிலப் பேச்சில் இங்கிலாந்துக்காரர்களே மயங்கினார்கள். வெள்ளி நாக்கு படைத்தவர் என்று அவருக்குப் பெயர். 1921-ல் லண்டனில் நடந்த சாம்ராஜ்ய மாநாட்டிலும், ஜினீவாவில் சர்வதேச சங்கத்திலும், அடுத்து வாஷிங்டன் மாநாட்டிலும் இந்தியாவின் சார்பில் அமர்ந்தார். 1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கானடா ஆகிய நாடுகளுக்குச் சென்று, அங்கே குடியேறிய இந்தியருக்குச் சம உரிமை கேட்டார்.

கென்யாவில் விழுந்த அடி

பேச்சால் எல்லாம் கிடைத்து விடவில்லை. கென்யா நாட்டில் குளிர்ச்சியான மலைப் பிரதேசம் உண்டு. அங்கே வெள்ளையர் மட்டுமே நிலம் வாங்கலாம் என்று வைத்திருந்தார்கள். இதை எதிர்த்து வாதாட 1923-ல் சாஸ்திரியார் லண்டன் போனார். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் முடிவு இந்தியருக்கு எதிராகவே வந்தது. மலைநாடு வெள்ளையருக்கே என்றாகி விட்டது. இந்தியருக்குப் பொது வாக்காளர் பட்டியலில் இடம் இல்லை. பிரிட்டிஷ் நியாயத்தில் நம்பிக்கை வைத்திருந்த சாஸ்திரியார் மனமும் உடலும் நொந்து நாடு திரும்பினார். ஆனால் முயற்சியை அவர் கைவிடவில்லை.

கேப்டவுன் ஒப்பந்தம்

தென் ஆப்பிரிக்காவில் இந்தியரைத் தனி இடங்களில் ஒதுக்கி வைக்க ஒரு மசோதா வந்தது. அதைப் பற்றிப் பேச 1926 டிசம்பரில் கேப்டவுன் நகரில் மாநாடு கூடியது. சென்னையைச் சேர்ந்த சர் முகமது ஹபிபுல்லா இந்தியக் குழுவின் தலைவர். சாஸ்திரியார் அதில் ஓர் உறுப்பினர். 1927-ல் ஒப்பந்தம் ஏற்பட்டது. மசோதா கைவிடப்பட்டது. ஊர் திரும்ப விரும்பும் இந்தியருக்குக் கப்பல் செலவும் ரொக்கமும் உண்டு; தங்குகிறவர்களுக்குக் கல்வியும் முன்னேற்றமும் தர வேண்டும் என்று முடிவாயிற்று.

இதைப் பலர் குறை கூறினார்கள். இந்தியரைத் திருப்பி அனுப்ப நாமே உதவுவதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் வாக்குறுதியைச் செயலாக்க அங்கே ஒருவர் இருந்தாக வேண்டும். காந்தியடிகள் வற்புறுத்தியதன் பேரில் சாஸ்திரியார் அந்தப் பொறுப்பை ஏற்றார். 57 வயதில், உடல் நலம் குன்றிய நிலையில், 1927-ல் கப்பல் ஏறினார்.

பள்ளிக்கூடம் எழுந்தது

ஊர் ஊராகப் போய் வெள்ளையர் கூட்டங்களில் பேசினார். 1928-ல் கிளார்க்ஸ்டார்ப் நகரில் வெள்ளையர் கும்பல் ஒன்று புகுந்து அவருடைய கூட்டத்தைக் கலைத்தது. அதன் பிறகும் அவர் பேசுவதை நிறுத்தவில்லை.

அதே ஆண்டில் மதுபானச் சட்ட மசோதா ஒன்று வந்தது. அதில் இருந்த ஒரு விதி நிறைவேறியிருந்தால், ஓட்டல்களில் பரிமாறி வந்த ஆயிரக்கணக்கான இந்தியரின் பிழைப்பு போயிருக்கும். சாஸ்திரியார் விடாமல் வாதாடினார். அந்த விதி நீக்கப்பட்டது. பல வீடுகளில் அடுப்பு அணையாமல் காப்பாற்றப்பட்டது.

ஆயினும் அவருடைய பெரிய வேலை ஒரு பள்ளிக்கூடம். டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் வேண்டும் என்று, தன்னை முன்னுக்குக் கொண்டு வந்தது படிப்பு என்பதை அறிந்த அந்தப் பழைய வாத்தியார் பாடுபட்டார். இந்திய மக்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 1929-ல் பள்ளி திறக்கப்பட்டது. அதற்குள் அவர் நாடு திரும்பி விட்டார். சாஸ்திரி கல்லூரி என்று அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே படித்து ஆசிரியர்களாக வெளியே வந்தார்கள்.

கடைசி நாட்கள்

அரசாங்கம் சர் பட்டம் தர முன்வந்தபோது சாஸ்திரியார் வேண்டாமென்று சொல்லி விட்டார். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தமிழர் நிலையை நேரில் பார்த்து 1937-ல் அறிக்கை தந்தார். அது தோட்ட முதலாளிகளிடம் மிதமாக நடந்து கொண்டது என்று அங்குள்ளவர்கள் வருந்தினார்கள்.

1946-ல் அவர் நோயாய்க் கிடந்தபோது, சென்னை வந்த காந்தியடிகள் ஆஸ்பத்திரிக்குச் சென்று பார்த்தார். அரசியலில் இருவரும் வேறு வேறு வழி. ஆனாலும் காந்தியடிகள் அவரைத் தமையனாகவே மதித்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி சாஸ்திரியார் காலமானார்.

தென் ஆப்பிரிக்க வெள்ளையர் ஆட்சி அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. கொடுமை வளர்ந்தது. அங்கே எல்லா மக்களும் சமமாக ஓட்டுப் போட 1994 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நாள் வந்தபோது, தமிழ்க் கூலிகளின் சந்ததியார் படித்தவர்களாக வரிசையில் நின்றார்கள். ஒப்பந்தக் காகிதம் கிழிந்து போனாலும், சாஸ்திரியார் எழுப்பிய பள்ளிக்கூடம் நிலைத்து நின்று பலன் தந்தது.