கோடையில் ஃபயர்ப்ளேஸை ஃபிரிட்ஜாக்க நினைத்த மனுஷன்!

100 டாலர் நோட்டில் நீள முடியோடு நம்மைப் பார்க்கும் தாத்தாவைத் தெரியும்தானே? இடி மின்னலில் பட்டம் விட்டவர் என்று படித்திருப்போம். ஆனால், பெஞ்சமின் ஃப்ராங்க்ளினை வாழ்நாள் முழுக்கக் குடைந்த கேள்வி ஒன்று உண்டு. வீட்டுக்குள் காற்று எப்படி வருது, எப்படிப் போகுது?

1706-ல் பாஸ்டனில் பிறந்தவர். அப்பாவுக்கு மெழுகுவத்தி, சோப்பு தயாரிக்கும் தொழில். 17 பிள்ளைகளில் இவர் 15-வது. ஸ்கூலுக்குப் போனது இரண்டே வருஷம். 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒத்துவரவில்லை, 17 வயதில் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஓடிப்போய், பிறகு சொந்த அச்சகம் வைத்து ஜெயித்தார்.

பேட்டன்ட் வேண்டாம்!

அந்த ஊர்க் குளிருக்குச் சுவரோடு கட்டிய ஃபயர்ப்ளேஸ்தான் கதி. ஆனால், சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே பறந்துவிடும். முன்பக்கம் சுடும், முதுகு நடுங்கும். விறகு விலையும் ஏறியது. 1740-களின் தொடக்கத்தில், இரும்புத் தகடுகளால் ஓர் அடுப்பை உருவாக்கினார் ஃப்ராங்க்ளின். ஆளுநரே பேட்டன்ட் தர முன்வந்தும், ஊருக்குப் பயன்படட்டும் என்று மறுத்துவிட்டார். லண்டனில் ஒருவர் அதைக் கொஞ்சம் மாற்றி, பேட்டன்ட் வாங்கிக் காசு பார்த்தார். அப்போதும் இவர் சண்டைக்குப் போகவில்லை. இத்தனைக்கும் அந்த அடுப்பில் புகை சரியாக வெளியேறாத குறை இருந்தது. பின்னால் வந்தவர்கள்தான் அதைச் சரிசெய்தார்கள்.

வெயில் காலத்தில் என்ன நடக்குது?

தீ மூட்டாத கோடையிலும் புகைபோக்கி சும்மா இருப்பதில்லை என்று கவனித்தார். சாயங்காலம் முதல் காலை வரை காற்று அதன் வழியே மேலே போகிறது. பகலில் கீழே இறங்குகிறது. காரணம் சிம்பிள். செங்கல் சட்டென்று சூடாவதும் இல்லை, ஆறுவதும் இல்லை. இரவில் வெளிக்காற்றைவிட அது சூடு; பகலில் அது குளிர்ச்சி.

இந்தக் காற்றோட்டத்தில் ஈரத்துணி சுற்றி வைத்தால் இறைச்சியும் பாலும் கெடாது என்பது அவர் ஐடியா. கரன்ட் இல்லாத ஃபிரிட்ஜ்! தீ இல்லாதபோது புகைபோக்கியை மூட, இழுத்துத் தள்ளும் இரும்புத் தகடு ஒன்றையும் பொருத்தினார். இன்றைக்கு 'டேம்பர்' என்கிறார்களே, அந்த ரகம்தான். அமெரிக்க வீடுகளில் கோடையில் அதை மூடாவிட்டால், ஏசி குளிர்ச்சி புகைபோக்கி வழியே வீணாகும். மறுபடி தீ மூட்டும் முன் திறக்க மறந்தால், வீடெல்லாம் புகை.

வியர்வை சொன்ன பாடம்

1750 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிழலிலேயே 100 டிகிரி ஃபாரன்ஹீட். சட்டை நனைய உட்கார்ந்திருந்தவருக்கு, தன் உடம்பு காற்றின் அளவுக்குச் சூடாகவில்லையே என்று பொறி தட்டியது. வியர்வை ஆவியாகும்போது சூட்டை எடுத்துப் போகிறது! 1758-ல் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ஜான் ஹாட்லியோடு சேர்ந்து, தெர்மாமீட்டர் முனையில் ஈதரைத் தடவித் தடவி ஊதினார். 65 டிகிரியில் இருந்து 7 டிகிரிக்கு இறங்கி, முனையில் பனிக்கட்டியே படிந்தது. நம்ம மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இதே கணக்குதான்.

1785-ல் பிரான்ஸிலிருந்து கப்பலில் ஊர் திரும்பும்போது வயது 79. அப்போதும் எழுதிக்கொண்டு வந்தது, புகையும் புகைபோக்கிகளை எப்படிச் சரிசெய்வது என்றுதான். 1790-ல், 84 வயதில் மறைந்தார்.

அடுத்த முறை ஏசியை 18-ல் வைக்க ரிமோட்டை எடுக்கும் முன், ஜன்னல் இடுக்கையும் கதவுக்கு அடியையும் ஒருமுறை பாருங்க. அந்தத் தாத்தா முதலில் அங்கேதான் பார்த்திருப்பார்!