பூங்காவில் படித்த பையன்

சாதாரா பள்ளியில் பீமா உட்கார்ந்தது வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில். மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கே எடுத்துவர வேண்டும். பள்ளி வேலையாள்கூட அதைத் தொடமாட்டார். தாகம் எடுத்தால் பியூன் தண்ணீர் ஊற்ற வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. 1891 ஏப்ரல் 14-ல் பிறந்த அந்தப் பையன்தான் அண்ணல் அம்பேத்கர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். இடையில் அவன் படிப்பையே விடப் பார்த்தான் என்பது பலருக்குத் தெரியாது.

சின்ன வயதிலேயே தாயை இழந்தவன். வளர்த்தது அத்தை மீரா. படிப்பில் நாட்டமில்லை. மும்பை பஞ்சாலையில் பையன்களுக்கு வேலை உண்டு என்று கேள்விப்பட்டு, ரயில் செலவுக்கு அத்தையின் இடுப்புச் சுருக்குப்பையைத் திருடப் பார்த்தான். மூன்று இரவு முடியவில்லை. நாலாம் இரவு பை கைக்கு வந்தது. உள்ளே இருந்தது அரையணா! வெட்கப்பட்டுப் போனவன், இனி ஒழுங்காகப் படிப்பது என்று முடிவெடுத்தான். பாதியில் படிப்பை விட்டு பெங்களூரு கட்டட வேலைக்கு பஸ் ஏறும் நம் பையன்களுக்கு அந்த அரையணா வாய்ப்பதில்லை.

பிறகு குடும்பம் மும்பைக்கு வந்தது. பரேலில் ஒற்றை அறை. அதிலேயே அடுப்பு, விறகு, ஆடு. அப்பா ராம்ஜி பின்னிரவு 2 மணிவரை விழித்திருந்து மகனை எழுப்பிப் படிக்க வைப்பார். மாலையில் பையன் சர்னி ரோடு பூங்காவுக்குப் போய்விடுவான். அங்கே வந்து உட்காருகிறவர்களில் ஒருவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர். வில்சன் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்; எல்பின்ஸ்டன் பள்ளியில் படித்த பீமாவுக்கு வாத்தியாரே அல்ல. ஆனாலும் தினமும் புத்தகத்தோடு இருக்கும் பையனைக் கூப்பிட்டு விசாரித்தார், படிக்க நூல்கள் கொடுத்தார். காலனியில் மாலை வகுப்பு எடுக்கும் நம் பட்டதாரிகள் இதைக் கவனிக்கலாம்: அவர் செய்தது டியூஷன் அல்ல.

பையன் தேர்வில் தேறியதும் பாராட்டுக் கூட்டம் வைக்க ஊர்க்காரர்கள் விரும்பினார்கள். பிள்ளை கெட்டுவிடுவான் என்று ராம்ஜி மறுத்தார். கேலுஸ்கர்தான் வாதாடிச் சம்மதிக்க வைத்தார். அன்று தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார்.

1907 மெட்ரிகுலேஷனில் அவர் வாங்கியது 750-க்கு 282. தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் அந்தப் படியையே எட்டிப்பார்க்க முடியாத காலம் அது. கல்லூரியில் பாதி வழியில் அப்பா கையில் காசு தீர்ந்தது. கேலுஸ்கர் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் பேசி, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை பெற்றுத் தந்தார். 1912-ல் பி.ஏ.; 1913-ல் அதே பரோடா உதவியுடன் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம்.

1946-ல் அண்ணல் மும்பையில் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கினார். பெயர் புத்தருடையது. 1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார், டிசம்பர் 6-ல் மறைந்தார். புத்தர் பற்றிய தன் கடைசி நூலுக்கு எழுதிய முன்னுரையில், தாதா கேலுஸ்கர் அன்று கையில் கொடுத்த புத்தகத்தை மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார்.